லெஸ்டர் பீல் வரைந்த தண்ணீர்க் குழாய்

டிடிபி படித்து முடித்ததும் மூன்று வருடம் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர், எது வந்தாலும் செய்வோம். ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டுவது, கோட்டிங் போட்டு இருட்டில் காயவைப்பது, வெளிச்சம் காட்டுவது, கழுவுவது, அப்புறம் மையைத் தள்ளுகிற ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை ஒரே அழுத்தத்தில் இழுப்பது என்று எல்லாமே கைவேலைதான். ஒரு கலர் கூடினால் ஒரு ஃப்ரேம் கூடும், ஒரு நாள் கூடும், காசு கூடும். அதனால் யார் என்ன கேட்டு வந்தாலும், இதை இரண்டு கலரில் முடிக்க முடியுமா என்றுதான் முதலில் யோசிப்போம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 1937-ல் லெஸ்டர் பீல் என்ற அமெரிக்கர் செய்த போஸ்டர்களை இணையத்தில் முதல்முறை பார்த்தபோது, என் கண்ணில் படம் விழுவதற்கு முன்னால் ஃப்ரேம்கள்தான் விழுந்தன. இந்தக் கலருக்கு ஒரு ஃப்ரேம், அந்தக் கலருக்கு ஒன்று, எங்கேயும் நிழல் தட்டவில்லை, எல்லாம் தட்டையான பரப்பு. எண்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் யாரோ நான் செய்த அதே வேலையை, நான் நினைத்தே பார்க்காத அளவுக்கு நன்றாகச் செய்து வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. அமெரிக்க கிராஃபிக் டிசைனின் வரலாற்றைக் கையில் கிடைத்ததிலெல்லாம் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த வரிசையில் ஒரு போஸ்டரில் இருப்பது ஒரு தண்ணீர்க் குழாய். தண்ணீர் கொட்டுகிறது. பெரிய எழுத்தில் ‘ரன்னிங் வாட்டர்’ என்று இரண்டு சொல், கூடவே கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகிற ‘ரூரல் எலக்ட்ரிஃபிகேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்ற அரசுத் துறையின் பெயர். தலைவர் படம் கிடையாது, திட்டத்தின் அருமை பெருமை எதுவும் கிடையாது.

1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்து வீட்டில் ஒன்பதுக்கு மின்சாரம் வந்துவிட்டது. கிராமப்புறத்தில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம், அதனால் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கிற செலவு திரும்ப வராது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் இந்தத் துறையைத் தொடங்கினார், விவசாயிகள் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கங்களுக்கு அது கடன் கொடுத்து லைன் இழுக்க வைத்தது. இதை அந்த மக்களிடம் கொண்டுபோக வேண்டும். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிற ஒரு பெண்ணிடம் மின்சாரம் என்றால் என்ன என்று எப்படிச் சொல்வது? பீல் மின்சாரத்தை வரையவில்லை. மின்சாரம் வந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வரும், வாளி தூக்க வேண்டாம். அந்தக் கடைசிப் படியை மட்டும் எடுத்து வரைந்தார். அதே வரிசையில் ‘லைட்’, ‘ரேடியோ’ என்று மற்ற போஸ்டர்களும் இப்படித்தான், ஒரு சொல், ஒரு பொருள்.

பீல் கான்சாஸ் நகரத்தில் பிறந்தவர், சிகாகோவில் வளர்ந்து வேலை பார்த்து 1935-ல் நியூயார்க் போனவர். கலை வரலாறு படித்தவர், டிசைன் மட்டும் அவராகக் கற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் அப்போது நடந்துகொண்டிருந்த புதிய அச்சுக்கலை முயற்சிகளை இதழ்கள் வழியாகவே பார்த்து உள்வாங்கியவர். 1937-லேயே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது, ஒரு அமெரிக்க கிராஃபிக் டிசைனருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அதுதான். 1939-ல் அதே மின்சாரத் துறைக்கு இன்னொரு போஸ்டர் வரிசை செய்தார். அதில் ஒரு பையனும் பெண்ணும் மரவேலிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டு எங்கோ பார்க்கிறார்கள், சுற்றிலும் அமெரிக்கத் தேசியக் கொடியின் பட்டைகள். துறையின் பெயரைத் தவிர ஒரு சொல் கூட இல்லை. அந்தப் படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சரி, அமெரிக்க கிராஃபிக் டிசைன் என்று தேடினால் பொதுவாக என்ன வரும்? பால் ராண்ட் செய்த ஐபிஎம் லோகோ, நைக்கி லோகோவுக்கு 1971-ல் 35 டாலர் கொடுத்த கதை, ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கம்பெனியின் லோகோவுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்த கதை. வரலாறே லோகோக்களின் வரிசை மாதிரி ஆகிவிட்டது. பால் ராண்ட் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இருபத்தைந்து வயதைத் தொட்டிருந்த காலத்தில் ‘டைரக்‌ஷன்’ என்ற இதழுக்குக் காசு வாங்காமல் அட்டை செய்தார், கேட்டது சுதந்திரம் மட்டும்தான். 1940 டிசம்பர் இதழில் கிறிஸ்துமஸ் பரிசைக் கட்டுகிற ரிப்பன் இருக்க வேண்டிய இடத்தில் முள்கம்பியை வைத்தார், ஐரோப்பாவில் போர் நடக்கிறது என்று அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் லோகோக்களை வைத்து மட்டும் இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் அதன் பெரும்பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். முன்பின் தெரியாத, அவசரத்தில் இருக்கிற, ஒருவேளை இங்கிலீஷே சரியாகத் தெரியாத ஒரு ஆளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடிதான் அந்த நாட்டின் டிசைனை வளர்த்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிய நாடு அது.

தொடக்கமே அப்படித்தான். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, ஆறும்போது மேல்பரப்பு சமமாகவும் வராது, விலையும் அதிகம். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்ற அச்சகக்காரர் இயந்திரத்தால் மரத்தைக் குடைந்து எழுத்து செய்கிற வழியைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் எழுத்துகள் கை அகலத்துக்கு, முழ நீளத்துக்கு வளர்ந்தன. சர்க்கஸ், கப்பல், மருந்து, ஏலம் என்று சுவரெல்லாம் எழுத்து. ஒரே நோட்டீஸில் ஏழெட்டு வகை எழுத்து இருக்கும், இருக்கிற இடத்துக்குத் தக்க அகலமானதையும் ஒடுங்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பிவிடுவார்கள். இதை டிசைன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, அச்சுக்கோப்பவரின் வேலை அது. ‘கிராஃபிக் டிசைன்’ என்ற பெயரைப் பரவலாக்கியவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் டபிள்யூ. ஏ. டிவிக்கின்ஸ், 1922-ல் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

அந்தப் பெயர் வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் செய்த வேலையை இங்கே சேர்த்தாக வேண்டும். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக கறுப்பினச் சமூகவியல் அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து சுமார் அறுபது விளக்கப்படங்களைக் கையால் வரைந்தார். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறைக்குள் கறுப்பின மக்கள் எவ்வளவு நிலம் வாங்கினார்கள், எத்தனை பேர் படித்தார்கள், எங்கே வாழ்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்துக்குள் அடங்காத நீளமான பட்டையைச் சுருளாகச் சுற்றி விடுகிறார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் தட்டையாக, அழுத்தமாக. இந்த மாதிரி டிசைனுக்குப் பேர்போன ஜெர்மன் டிசைன் பள்ளியான பௌஹவுஸ் தொடங்கியது 1919-ல், இந்தப் படங்களுக்குப் பத்தொன்பது வருடம் கழித்து. பழைய டிசைன் வரலாறுகளில் இதற்கு இடமே இருக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

1930-களில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கதை நிறையப் பேருக்குத் தெரியும். அலெக்ஸி பிரோடோவிச் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ என்ற ஃபேஷன் இதழின் வடிவமைப்பைக் கால் நூற்றாண்டு காலம் பார்த்துக்கொண்டார், மொஹோய்-நாகி 1937-ல் சிகாகோவில் நியூ பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியைத் தொடங்கினார், ஜெர்மனியின் பௌஹவுஸில் பாடம் நடத்திய ஹெர்பர்ட் பேயர் அடுத்த வருடம் வந்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் லாடிஸ்லாவ் சுட்னார். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாகியாவின் அரங்க வேலைக்காக வந்தார், அதற்குள் அவர் நாட்டை ஹிட்லர் படை பிடித்துவிட்டது, அவர் திரும்பிப் போகவில்லை. அங்கே அவர் பெரும்பாலும் செய்தது கட்டுமானப் பொருட்களின் கேட்டலாக். குழாய், ஜன்னல், திருகு, இதுமாதிரி. அந்தச் சலிப்பான வேலையை எடுத்து, தேடுகிற ஆள் எப்படித் தேடுவார், கண் முதலில் எங்கே போகும் என்று யோசித்துப் பக்கங்களை அமைத்தார். அமெரிக்கத் தொலைபேசி எண்ணில் ஏரியா கோடை அடைப்புக்குறிக்குள் போடுகிற வழக்கத்துக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சிபி பினெலெஸ் வியன்னாவில் பிறந்து, பதினைந்து வயதில் அமெரிக்கா வந்தவர். இதழ்களின் கலை இயக்குநரான எம். எஃப். ஆகாவிடம் வேலை கற்று, ‘கிளாமர்’, ‘செவன்டீன்’, ‘சார்ம்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக இதழ்களின் கலை இயக்குநர் ஆனார். ‘செவன்டீன்’ பதின்வயதுப் பெண்களுக்கான இதழ். அதில் வரும் கதைகளுக்குப் படம் வரைய பென் ஷான் மாதிரி பெரிய ஓவியர்களைக் கூப்பிட்டார், சின்னப் பெண்களுக்கு இது போதும் என்று அவர் நினைக்கவில்லை. ‘சார்ம்’ வேலைக்குப் போகிற பெண்களுக்கான இதழ். இவ்வளவு செய்த ஒருவரை நியூயார்க்கின் ஆர்ட் டைரக்டர்ஸ் கிளப் வருடக்கணக்கில் உறுப்பினராகச் சேர்க்கவில்லை, ஆகா திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தும் சேர்க்கவில்லை. ஒருமுறை அவர் கணவர் வில்லியம் கோல்டனுக்கு அழைப்பு வந்தது. மனைவியைச் சேர்க்காத இடத்தில் தான் சேர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். 1948-ல் இருவரும் உறுப்பினர் ஆனார்கள்.

அந்த கோல்டன்தான் 1951-ல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்குக் கண் சின்னம் செய்தவர். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய வம்சத்தார் களஞ்சியக் கதவுகளில் வரைகிற சக்கரச் சித்திரங்களிலிருந்து அந்தக் கண் வந்ததாகச் சொல்வார்கள். ஒரு வருடம் போனதும் கோல்டனுக்கே அது அலுத்துப்போய், வேறு செய்யலாமா என்று கேட்டார். நிறுவனத் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் மறுத்துவிட்டார், செய்தவருக்கு அலுக்கிற நேரத்தில்தான் பார்ப்பவருக்கு அது கண்ணில் படவே தொடங்குகிறது என்பது அவர் கருத்து. அந்தக் கண் இன்னும் இருக்கிறது. கோல்டன் 48 வயதில் இறந்துபோனார். அதே சிபிஎஸ்ஸில் அவரோடு வேலை பார்த்த ஜார்ஜ் ஓல்டன், 1963-ல் அடிமைகள் விடுதலை அறிவிப்பின் நூற்றாண்டுக்குத் தபால்தலை வரைந்தார். அமெரிக்கத் தபால்தலை ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். அறுந்த சங்கிலி, பின்னால் நீலம், வேறு படம் எதுவும் இல்லை.

ஐந்து வருடம் கழித்து, 1968-ல், மெம்ஃபிஸ் நகரத்தில் பெரும்பாலும் கறுப்பினத்தவரான துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்த பிறகு நடந்தது அது. வரிசையாக நின்ற ஆட்களின் கையில் ‘ஐ ஆம் எ மேன்’ என்ற அட்டை. வெள்ளையில் தடித்த கறுப்பு எழுத்து, ‘ஆம்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. நான் ஒரு மனிதன். அந்த அடிக்கோடு போடுவது என்று முடிவெடுத்தது யாராக இருந்தாலும், அவர் டிசைனர்தான்.

இப்போது நியூயார்க் சுரங்க ரயிலுக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. மூன்று தனித்தனி நிர்வாகங்கள் கட்டிய பாதைகளை 1940-ல் ஒன்றாக்கினார்கள், பலகைகளை ஒன்றாக்கவில்லை. ஒரே நிலையத்தில் பதித்த ஓட்டில் ஒரு பெயர், எனாமல் தகட்டில் ஒன்று, அவசரத்துக்குக் கையால் எழுதி மாட்டியது இன்னொன்று. 1966-ல் யூனிமார்க் என்ற டிசைன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். அதில் இருந்த இரண்டு பேர், பாப் நூர்டாவும் மாசிமோ விக்னெல்லியும், முக்கியமானவர்கள். நூர்டா சுரங்கத்துக்குள் இறங்கி ஆட்கள் எப்படி நடக்கிறார்கள், எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள் என்று பார்த்தார். பயணி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் இருக்க வேண்டும், முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம் என்ற விதி அதிலிருந்து வந்தது. இதைப் படித்த அன்றைக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று ஒரு மணி நேரம் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், யார் எங்கே நின்று அடுத்தவரிடம் வழி கேட்கிறார்கள் என்று.

பலகைகளை நிர்வாகத்தின் சொந்தப் பட்டறையிலேயே செய்தார்கள். பலகையை மேலே ஒரு கறுப்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும் என்று வரைபடத்தில் காட்டியிருந்தது. பட்டறையில் இருந்தவர்கள் அதைப் பலகையின் மேல் ஓரத்தில் தீட்ட வேண்டிய கறுப்புக் கோடு என்று எடுத்துக்கொண்டு தீட்டிவிட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் பலகைகளில் மேலே ஓடுகிற கோடு அதன் வழியில் வந்ததுதான், பிறகு கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்று மாற்றியபோது கோடும் வெள்ளையாகிவிட்டது. அச்சகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கதை புரியும். நாம் அனுப்புகிற ஃபைலில் ஒரு குறிப்பு இருக்கும், அதுவும் சேர்ந்து பிரிண்ட் ஆகிவரும்.

1972-ல் விக்னெல்லி ரயில் வரைபடம் செய்தார். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கலர், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு புள்ளி, கோடுகள் நேராக ஓடும் அல்லது 45 டிகிரியில் திரும்பும். அவ்வளவு அழகு. ஆனால் நியூயார்க் மக்களுக்கு அவர்கள் ஊரின் தெருக்கள் அத்துப்படி. நீளமான சென்ட்ரல் பார்க்கை இது கிட்டத்தட்ட சதுரமாக, அதுவும் சாம்பல் கலரில் காட்டியது. பிராட்வே தடத்தின் ஐம்பதாம் தெரு நிலையம் எட்டாம் அவென்யூவுக்கு மேற்கே இருப்பதாகக் காட்டியது, நிஜத்தில் கிழக்கே இருக்கிறது. மேலே ஏறி வந்து நடக்கிற ஆளுக்கு அது குழப்பம்தான். 1979-ல் அதை எடுத்துவிட்டு, ஊரின் உண்மையான அமைப்புக்கு நெருக்கமான வேறு வரைபடம் போட்டார்கள். நான் ரொம்ப நாள் விக்னெல்லி பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பக்கமும் சரி என்று தோன்றுகிறது, வண்டிக்குள் இருக்கும்போது ஒன்று வேண்டும், வெளியே வந்தால் இன்னொன்று வேண்டும். 2025 ஏப்ரலில் நிர்வாகம் வெளியிட்ட புதிய வரைபடம் மறுபடியும் விக்னெல்லி வழிக்கே திரும்பியிருக்கிறது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2014-ல் இறந்துவிட்டார்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலை நம் எல்லோருடைய கண்ணிலும் பட்டிருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, ஏஐஜிஏ என்ற டிசைனர்கள் அமைப்போடு சேர்ந்து, விமான நிலையங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் படக்குறிகள் செய்ய முடிவெடுத்தது. வரைந்தவர்கள் ரோஜர் குக், டான் ஷனோஸ்கி. 1974-ல் 34 குறிகள், 1979-க்குள் 50. கழிப்பறைக் கதவில் ஆண், பெண் உருவம், லிஃப்ட், சிகரெட்டுக்குக் குறுக்கே கோடு, எல்லாம் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்கள். மதுரை ஏர்போர்ட்டிலோ மீனம்பாக்கத்திலோ எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிற ஒரு பாட்டி படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்றால் அந்த வழக்கத்துக்குப் பின்னால் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘ஐ லவ் நியூயார்க்’ என்பதில் ‘லவ்’ இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இதயத்தை வைத்து மில்டன் கிளேசர் செய்த லோகோவைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, அதனால் சுருக்கமாக. 1977, நகரம் திவாலின் விளிம்புக்குப் போய் வந்திருந்த நேரம், டாக்ஸியில் போகும்போது ஒரு கவரின் பின்பக்கம் சிவப்பு கிரேயானால் கிறுக்கினார், கூலி வாங்கவில்லை. நானும் ஊர்ப் பெயர்களுக்கு அதே இதயத்தைப் போட்டு டி-ஷர்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் கம்ப்யூட்டர். 1984-ல் ஆப்பிளின் மேக்கின்டோஷ், அதன் ஐகான்களைச் சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்பி வரைந்தவர் சூசன் கேர். 1985-ல் பக்கம் அமைப்பதற்கான ஆல்டஸ் நிறுவனத்தின் மென்பொருள் பேஜ்மேக்கர். டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற சொல்லையே ஆல்டஸின் நிறுவனர் பால் பிரைனெர்டுதான் பரப்பினார். அதைச் சுருக்கித்தான் நாம் டிடிபி என்கிறோம், தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கிற கடை போர்டில் கூட அந்த மூன்றெழுத்து இருக்கும். நான் கற்றுக்கொண்டதும் பேஜ்மேக்கரில்தான். ஒரு ஊரில் ஒரு அச்சுக்கோப்பவர் செய்த வேலையை இப்போது யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. அது பெரிய விடுதலை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, என் வாழ்க்கையே அதில் ஓடுகிறது. ஆனால் எழுத்தின் அளவை ஒரு கிளிக்கில் மாற்ற முடிகிறபோது, மாற்றியதால் பக்கத்தில் வேறு என்ன நகர்ந்தது என்று பார்க்கிற பழக்கம் குறைந்துபோகிறது.

2000-ம் வருட அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்த முறை பத்து அதிபர் வேட்பாளர்கள். எல்லோர் பெயரையும் ஓட்டுச் சீட்டின் ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து பொடியாகிவிடும், அங்கே வயதானவர்கள் அதிகம், படிக்கச் சிரமப்படுவார்கள். அதனால் அந்தக் கவுண்டியின் தேர்தல் அதிகாரி எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை இடது, வலது என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார். நடுவில் ஒரே வரிசையில் துளைகள், பெயருக்கு நேரான துளையைக் குத்த வேண்டும். இடது பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் அல் கோர். வலது பக்கம் முதல் பெயர் பாட் புக்கானன். துளைகள் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி வருவதால் முதல் துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவது கோருக்கு. அம்புக்குறி இருந்தது. ஆனால் இடது பக்கப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, கோர் இரண்டாவது ஆள் என்று மனதில் வைத்துக்கொண்ட ஒருவர் இரண்டாவது துளையைத்தான் குத்துவார்.

புக்கானனுக்கு அந்தக் கவுண்டியில் 3,400 ஓட்டுக்கு மேல் விழுந்தது. அதில் பெரும்பகுதி தன்னுடையது இல்லை என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். 19,000-க்கும் அதிகமான சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட துளை விழுந்திருந்ததால் அவை செல்லாதவை ஆகின. ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில், அதை வைத்துத்தான் அவர் அதிபர் ஆனார். மாதிரிச் சீட்டைத் தேர்தலுக்கு முன்பே வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் பார்த்திருந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அதிகாரி கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. கண் மங்கியவர்களுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்று நினைத்தார், அந்த நினைப்பு சரிதான். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டுபோய் எழுபது வயதுக்காரர் ஐந்து பேரிடம் கொடுத்து, நீங்கள் ஓட்டுப் போட நினைக்கிறவருக்கு எந்தத் துளை என்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் போதும், அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் விண்ணப்பப் படிவமோ மருந்துச் சீட்டோ டிசைனுக்கு வந்தால், பிரிண்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து அம்மாவிடம் கொடுத்து நிரப்பச் சொல்கிறேன். போன வாரம் அவர் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டேன்.